பூச்சிக் குளிசை கொடுத்தாயிற்று, சரி. மலத்தைப் பரிசோதித்தீர்களா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. விஷயமும் கொஞ்சம் சங்கடமானது. மலப் பரிசோதனை பற்றி எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே போன் பார்ப்பவர்கள் கை கழுவிவிட்டு வந்து வாசியுங்கள். ஆனால் வாசிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை மெலிந்தால் பூச்சி. சோறு வேண்டாம் என்றால் பூச்சி. நித்திரையில் பல்லை நெறுமினால் பூச்சி. கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தால் பூச்சி. இனிப்புக் கேட்டு அடம்பிடித்தால் அதுவும் பூச்சி. உடனே பாமசிக்குப் போய் ஒரு குளிசை வாங்கிக் கொடுப்போம். இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே கதை, திரும்பவும் அதே குளிசை. இடையில் கண்ணூறு கழிப்பதும், ஓதி ஊதிய தண்ணீர் கொடுப்பதும் நடக்கும். துஆ கேட்பதை நான் குறை சொல்லவில்லை. துஆவும் கேளுங்கள், பிள்ளைக்கு என்ன நோய் என்றும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வகுப்பில் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது என்ன? முதலில் அவதானி, பிறகு முடிவெடு. வீட்டிலே பெரியவர்கள் நாங்கள் செய்வது நேர்மாறு. முதலில் முடிவு, பிறகு மருந்து, அவதானிப்பு இல்லவே இல்லை.

சரி, எங்கள் நாட்டுப் பிள்ளைகளின் வயிற்றில் உண்மையில் எவ்வளவு புழு இருக்கிறது? 2017இல் நாடளாவிய ரீதியில் ஆரம்பப் பிரிவு மாணவர்களின் மலத்தைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்தது. வட்டப்புழு, சவுக்குப்புழு, கொளுக்கிப்புழு மூன்றையும் சேர்த்துப் பார்த்தும் பொதுவான பாடசாலைகளில் 100 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவுதான். நகரத்துச் சேரிப் பகுதிகளில் 3க்குக் கிட்ட. தோட்டப்புறப் பாடசாலைகளில் 9 அளவில்.

இந்தக் கணக்கை ஒரு பாடசாலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். 400 பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் நான்கு பேர். ஆனால் அந்த 400 வீடுகளில் எத்தனை வீட்டில் "இவனுக்குப் பூச்சி" என்று தீர்ப்பு எழுதியிருப்பார்கள்? கேட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் கை உயரும்.

கீரைப்பூச்சி இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரவில் ஆசனவாயில் அரிப்பு எடுத்துப் பிள்ளை நித்திரை இல்லாமல் புரளுவது அதனால்தான். அது பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காணப்படுவது. அதற்கு இந்தக் குளிசை வேலை செய்யும், ஆனால் இரண்டு கிழமை கழித்து இன்னொரு தரம் கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் எடுக்க வேண்டும். அதன் முட்டை மலத்தில் பெரும்பாலும் அகப்படாது. விடியற்காலையில், கழுவுவதற்கு முன், ஒட்டும் டேப்பை ஆசனவாய் ஓரத்தில் ஒற்றி எடுத்துத்தான் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். "மலத்தில் ஒன்றும் இல்லையாம், ஆனால் அரிப்பு நிற்கவில்லை" என்று சொல்லும் உம்மாமார் இதைக் கவனியுங்கள். பரிசோதனையில் பிழை இல்லை, அது வேறு பரிசோதனை.

அப்படியானால் பார்க்காமலே மருந்து கொடுக்கும் பழக்கம் எப்படி வந்தது? அதற்கு ஒரு நியாயமான வரலாறு இருக்கிறது. 1916 அளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் வெறுங்காலோடு வேலை செய்த காலம். லயன்களுக்கு மலசலகூடம் கிடையாது. மலத்தைப் பரிசோதித்தபோது மிகப் பெரும்பான்மையினரிடம் புழு இருந்தது. ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிறது என்றால் ஒவ்வொருவராகப் பரிசோதித்து நேரத்தைச் செலவழிப்பதில் அர்த்தம் இல்லை. எல்லோருக்கும் மருந்தைக் கொடு என்பது சரியான முடிவு. அன்றைய மருந்து செனொப்போடியம் எண்ணெய். அளவு தப்பினால் ஆளையே கொண்டுபோகும் மருந்து. அப்படியிருந்தும் கொடுத்தார்கள்.

ஆனால் மருந்து மட்டும் போதாது, மலசலகூடம் இல்லாவிட்டால் திரும்பவும் புழு ஏறும் என்பதும் அந்த வேலையில்தான் தெளிவாகத் தெரிந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகத்தான். இன்று எங்கள் பாடசாலைக்கு வரும் சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அந்த வழியில் வளர்ந்த அமைப்பின் ஆட்கள்தான்.

உலக சுகாதார நிறுவனம் இன்றைக்கும் சொல்வது இதே தர்க்கத்தைத்தான். ஓர் இடத்தில் 100க்கு 20 பேருக்கு மேல் புழு இருந்தால் வருடத்துக்கு ஒருதரம் எல்லோருக்கும் மருந்து. 50க்கு மேல் என்றால் இரண்டு தரம். 20க்கு 1 எவ்வளவு தூரம் என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். நூற்றாண்டுக்கு முந்திய தோட்டத்துக்குப் பொருந்திய வழியை இன்று யாழ்ப்பாண வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அதுவே வைத்தியம் என்று நினைக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். பாடசாலையில் சுகாதாரத் திணைக்களம் குளிசை கொடுத்தால் பிள்ளை அதை விழுங்கட்டும். "சேர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்" என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தத் திட்டத்தை நடத்துவதா, குறைப்பதா என்று முடிவெடுப்பது அவர்கள் வேலை. நான் பேசுவது வீட்டில் நாங்களாகச் செய்யும் ஊக வைத்தியத்தைப் பற்றி.

"ஒரு குளிசைதானே, கொடுத்தால் என்ன நட்டம்?" என்று கேட்பீர்கள். நட்டம் குளிசையில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது.

வெளிறிப்போன பிள்ளைக்கு இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். தலசீமியா இருக்கலாம். மெலியும் பிள்ளைக்குச் சலரோகமோ காசநோயோ இருக்கலாம். அல்லது ஒட்டுண்ணியே இருக்கலாம், ஆனால் அது புழு இல்லாமல் இருக்கலாம். ஜியார்டியா, அமீபா இரண்டும் புழு அல்ல, ஒற்றைக்கல உயிரிகள். பூச்சிக்கென்று ஒருதரம் கொடுக்கும் குளிசைக்கு அவை அசையாது. புழுவிலேயே கூட எல்லாம் ஒன்றல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, ஒருதரம் கொடுக்கும் மெபெண்டசோல் குளிசை வட்டப்புழுவை 100க்கு 95 பேரில் ஒழிக்கிறது. சவுக்குப்புழுவை 36 பேரில். இரத்தம் உறிஞ்சும் கொளுக்கிப்புழுவை 15 பேரில்தான். வயிற்றில் இருப்பது எது என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து இருட்டில் எறியும் கல்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவன். புலமைப்பரிசில் பரீட்சை வருடம். பாட நேரத்தில் நான்கைந்து தரம் எழும்பி மலசலகூடம் போவான். பரீட்சைப் பயம், படிக்கக் கள்ளம் என்று வீட்டில் ஏச்சு. வயிறு ஊதல், நாற்றமான எண்ணெய்ப் பசையுள்ள மலம், நிறை குறைவு. ஒரு வருடத்துக்குள் மூன்று தரம் பூச்சிக் குளிசை. பிறகு ஒரு தனியார் இடத்தில் ஒருதரம் மலம் கொடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மாதிரி கேட்டார். மூன்றாவதில் ஜியார்டியா. ஒரு கிழமை மருந்து. பிள்ளை தேறிவிட்டான். ஆனால் அந்த வருடம் வாங்கிய ஏச்சை யார் திருப்பி எடுப்பது?

இங்கேதான் முக்கியமான விஷயம். மலப் பரிசோதனை செய்தால் மட்டும் போதாது, ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒட்டுண்ணி ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் வெளியே வராது. இன்று இருக்கும், நாளை இருக்காது. அதனால்தான் பத்து நாளுக்குள் மூன்று மாதிரி என்று வைத்தியர்கள் கேட்பார்கள். ஒருதரம் "காணப்படவில்லை" என்று வந்தால், அந்தத் துளியில், அந்த நேரத்தில் காணப்படவில்லை என்றுதான் அர்த்தம். பிள்ளைக்கு இல்லவே இல்லை என்று அர்த்தம் அல்ல.

முன்பு நெருப்புப்பெட்டியில் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. இப்போது யோகட் கப்பிலும் மருந்துப் போத்தலிலும் கொண்டுபோகிறோம். வேண்டாம். ஆய்வுகூடத்தில் கொடுக்கும் மூடியுள்ள சிறு போத்தலைக் கேட்டு வாங்குங்கள். சுத்தமான, காய்ந்த பாத்திரத்தில் அல்லது விரித்த பொலித்தீனில் இருக்க வையுங்கள். சிறுநீரும் கழுவும் தண்ணீரும் படக்கூடாது. பெருவிரல் நுனி அளவு போதும். சளியோ இரத்தமோ இருந்தால் அந்த இடத்திலிருந்தே எடுங்கள்.

நேரம் மிக முக்கியம். மலம் தண்ணீராகப் போனால் அரை மணித்தியாலத்துக்குள் நுணுக்குக்காட்டியின் கீழ் இருக்க வேண்டும். அசையும் நிலையில் உள்ள அமீபா அதற்குப் பிறகு உருக்குலைந்துவிடும். அதனால் அப்படியான நேரத்தில் பிள்ளையையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கே மாதிரி எடுப்பதுதான் புத்தி. இறுகிய மலம் என்றால் அன்றைக்குள் கொடுத்தால் போதும். நாலு மணிக்கு எடுத்ததை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் வைத்து அடுத்தநாள் காலை கொடுத்துவிட்டு, "லாப்பில் ஒன்றும் காணவில்லை" என்று சொல்வதில் பயனில்லை.

இன்னொன்று. பரிசோதனைக்கு முன்னரே பாமசியில் பிளஜில் வாங்கிக் கொடுத்துவிட்டு மாதிரி கொடுக்காதீர்கள். கள்வனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டைச் சோதனை போடுவது போல. ஏற்கனவே ஏதும் மருந்து கொடுத்திருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெட்கப்பட்டுத்தான் பலர் போவதில்லை. "சேர், அதை எப்படிக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறது, ஆட்கள் பார்ப்பார்களே" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நஜீஸ் என்ற எண்ணமும் இருக்கிறது. போத்தலை மூடி, ஒரு பையில் போட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் முடிந்தது. பிள்ளை பிறந்த நாளிலிருந்து நீங்கள் கழுவி எடுத்தது தானே இது? இரத்தம் கொடுக்கக் கை நீட்ட வெட்கப்படுகிறோமா?

1681இல் ஒல்லாந்தில் டெல்ப்ட் நகரத்துப் புடவை வியாபாரி ஒருவர், லீவன்ஹூக், தானே செய்த நுணுக்குக்காட்டியில் தன் வயிற்றோட்ட மலத்தையே வைத்துப் பார்த்தார். அதில் நீந்திய சின்ன உயிர்களைப் பற்றி லண்டன் ரோயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அவர் பார்த்தது ஜியார்டியா என்று இன்று சொல்கிறார்கள். உலகத்துக்கே தன் மலத்தைப் பற்றிக் கடிதம் எழுதிய மனிதனுக்கு இல்லாத வெட்கம், ஆய்வுகூட யன்னலில் ஒரு போத்தல் வைக்க எங்களுக்கு ஏன்?

இப்போது அமீபாவுக்கு வருவோம். இது எங்கள் ஊர்ப் பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் ஈரலில் சீழ்க்கட்டி வந்து போதனா வைத்தியசாலைக்குப் போகிறவர்களைப் பல வருடங்களாகக் காண்கிறோம். அமீபாதான் காரணம் என்று வைத்தியர்கள் நோய்க்குறிகளை வைத்துச் சிகிச்சை கொடுத்து வந்தார்கள். இரத்தப் பரிசோதனையாலும் மரபணுப் பரிசோதனையாலும் அதை உறுதிப்படுத்திய ஆய்வு 2017இல்தான் வெளிவந்தது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் கள் அருந்தும் ஆண்கள்.

இதைக் கேட்டவுடன் எங்கள் ஆட்கள் சிலர், "எங்களுக்குக் கள் ஹராம், அது எங்கள் நோய் இல்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியான பேச்சல்ல. நோயாளியை இகழ்வது ஒரு பிழை. அமீபா கள்ளில் பிறப்பதில்லை, மனித மலத்திலிருந்து வருவது என்பதை மறப்பது இன்னொரு பிழை. ஒருவருடைய குடலிலிருந்து வெளியான கிருமி தண்ணீராலும் கையாலும் சாப்பாட்டாலும் இன்னொருவருடைய வாய்க்குப் போகிறது. அதற்கு மதமும் தெரியாது, மதிலும் தெரியாது.

இந்த அமீபாவிலும் ஒரு சிக்கல் உண்டு. நுணுக்குக்காட்டியில் அச்சாக ஒரேமாதிரித் தெரியும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று நோய் தரும், மற்றது குடலில் சும்மா இருந்துவிட்டுப் போகும். 1993இல்தான் இரண்டும் வெவ்வேறு இனம் என்று முறையாகப் பிரித்தார்கள். சிவப்பணுவை விழுங்கிய அமீபா தெரிந்தால் கெட்டது என்று ஊகிக்கலாம். மற்றப்படி அன்டிஜன் பரிசோதனையோ மரபணுப் பரிசோதனையோ வேண்டும். ஈரலில் கட்டி வந்தவரின் மலத்தில் அமீபா தெரியாமலே போவதும் வழக்கம். ஆகவே ரிப்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாங்களே வைத்தியம் பார்க்கக்கூடாது. "அமீபா இருக்காம்" என்றவுடன் மருந்துக்கு ஓடவும் வேண்டாம், "இல்லையாம்" என்றவுடன் நிம்மதியாகப் படுக்கவும் வேண்டாம். ரிப்போட்டை எழுதிக்கொடுத்த டொக்டரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். துண்டை வாங்கிப் பரிசோதித்துவிட்டு, ரிப்போட்டை அலுமாரிக்குள் வைக்கும் ஆட்கள் எங்களில் நிறைய.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான் கிணறு. அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம். மலக்குழியிலிருந்து கசிவது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போகலாம். நகரத்துக்குள் நெருக்கமான வளவுகளைப் பாருங்கள். ஒரு பரப்பும் இல்லாத காணியில் இரண்டு குடும்பம், ஒரு கிணறு, பக்கத்தில் மலக்குழி. 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் முகாம்களில் பொது மலசலகூடத்துக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். திரும்பி வந்து இடிந்த வீட்டைக் கட்டியபோது சுவரைப் பார்த்தோம், கூரையைப் பார்த்தோம். குழி எங்கே, கிணறு எங்கே என்று எத்தனை பேர் அளந்து பார்த்தோம்?

கிணற்றுக்குக் குளோரீன் போட்டாயிற்று என்று இருக்கவும் முடியாது. பக்டீரியாவைக் கொல்லும் வழமையான அளவு குளோரீனை அமீபா, ஜியார்டியா இரண்டின் கூடுகளும் தாங்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சாகும். இதைவிட மலிவான மருந்து கிடையாது.

கடைசியாகச் சில கோரிக்கைகள்.

வைத்தியசாலைகளுக்கும் ஆய்வுகூடங்களுக்கும்: போத்தலோடு ஒரு சின்னத் தமிழ்த் துண்டு கொடுங்கள். எப்படி எடுப்பது, எத்தனை மணிக்குள் கொண்டுவருவது, ஏன் மூன்று தரம் என்று நாலு வரி. நெருக்கடியில் நிற்கும் உத்தியோகத்தர் ஒவ்வொருவருக்கும் விளக்க முடியாது என்பது விளங்குகிறது. எழுதி வைத்தால் அவருக்கும் லேசு.

சுகாதார அதிகாரிகளுக்கு: பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் நிறை, உயரம், கண், பல் பார்க்கிறீர்கள். நன்றி. வெளிறிய பிள்ளை, நிறை ஏறாத பிள்ளை, அடிக்கடி வயிற்றோட்டம் வரும் பிள்ளை என்று நீங்கள் குறித்துவைக்கும் பிள்ளைகளுக்கு மலப் பரிசோதனைத் துண்டையும் கையோடு கொடுங்கள். முடிவு வந்ததா என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள், நாங்கள் பின்தொடர்ந்து பார்க்கிறோம்.

அதிபர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும்: பாடசாலைக்கு வளைவு கட்டித் தருகிறீர்கள், ஸ்மார்ட் போர்ட் தருகிறீர்கள். மலசலகூடத்துக்குக் கொளுக்கி உள்ள கதவும், ஓடும் தண்ணீரும், ஒவ்வொரு நாளும் சவர்க்காரமும் தாருங்கள். கொளுக்கி இல்லாத கதவுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் எங்கள் பாடசாலைகளில் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு: நகம் வெட்டுவது, கழுவுவது எல்லாம் மத்ரசாவில் முதல் பாடம். தண்ணீரால் கழுவுவதோடு கைக்குச் சவர்க்காரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வயிற்றில் கோளாறு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அல்லது மலத்தில் இரத்தம், காய்ச்சல், நிறைக்குறைவு இருந்தால் பாமசிக்குப் போகாமல் டொக்டரிடம் போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனைக்குக் காசு கேட்பதில்லை. வேண்டியது மூன்று காலை நேரங்களும் கொஞ்சம் பொறுமையும்தான்.

பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்க்காமல் புள்ளி போடும் ஆசிரியரை நீங்கள் சும்மா விடுவீர்களா? பிள்ளையின் வயிற்றுக்கும் அதே நியாயத்தைக் கொடுங்கள். பார்த்துவிட்டு மருந்து கொடுங்கள்.

பிரயோசனம் என்று நினைத்தால் உங்கள் வகுப்புப் பெற்றோர் குழுக்களில் பகிருங்கள். எங்கள் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தரட்டும்.